கல்லில் உரித்த நார்

‘விழிப்புணர்வு’ என்ற சொல்லின் மீது எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. சுவரொட்டிகள் மூலமும் பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலங்கள் மூலமும் நம்மிடம் வந்து சேர்ந்த சொல் அது. தூங்குகிறவன் ஒருவன் இருக்கிறான், அவனைத் தட்டி எழுப்பிவிட்டால் போதும், மற்றதை அவன் பார்த்துக்கொள்வான் என்கிற அனுமானம் அதற்குள் இருக்கிறது. எழுந்து உட்கார்ந்தவன் பிறகு எங்கே போவான் என்பதை அந்தச் சொல் கேட்பதில்லை. செப்டம்பர் 26ஆம் தேதியை மீஸோதீலியோமா விழிப்புணர்வு நாள் என்று அமெரிக்காவில் அனுசரிக்கிறார்கள். அந்த நோயின் பெயரை வாலிகண்டபுரத்துக் கடைவீதியில் உச்சரித்தால் ஏதோ பூச்சிமருந்து என்று நினைப்பார்கள். நோய்க்குக் காரணமான பொருளோ எல்லோருக்கும் பழக்கம். தலைக்கு மேலேயே இருக்கிறது.

ஆஸ்பெஸ்டாஸ் என்று எழுதுகிறோம். ஊரில் ‘ஆஸ்பட்டாஸ்’, ‘சிமெண்ட் சீட்’, பல நேரங்களில் வெறுமனே ‘சீட்’. பாடப்புத்தகத் தமிழில் கல்நார். நமது கலைச்சொல்லாக்கத்தில் சரியாக வந்து விழுந்த சொற்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று. பாறையின் இடுக்கில் நரம்பு நரம்பாகப் படிந்து கிடக்கும் தாது. நெருடினால் பஞ்சுபோல இழை இழையாகப் பிரியும். ஆகாத காரியத்தைக் குறிக்கத் தமிழன் ‘கல்லிலே நார் உரிக்கிற மாதிரி’ என்று சொல்லிவந்திருக்கிறான். மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில் இதை இறைவனின் செயலாக ஆக்குகிறார். கல்லான மனதை நெகிழ்விக்கிற அற்புதத்துக்கு அவருக்குக் கிடைத்த படிமம் அதுதான். தென்னாப்பிரிக்காவிலும் கனடாவிலும் ரஷ்யாவிலும் சுரங்கக் கூலிகள் அந்த அற்புதத்தை நாள் சம்பளத்துக்குச் செய்து காட்டினார்கள். நம் பக்கத்திலேயே கடப்பை மாவட்டத்துப் புலிவெந்துலா வட்டாரத்தில் செய்தார்கள். படிமம் ஸ்தூலமாகிவிட்டால் அதற்கு என்ன நேரும் என்பது இலக்கியப் பிரச்னை மட்டும் அல்ல.

1901இல் ஆஸ்திரியாவில் லுட்விக் ஹாட்செக் என்பவர் இந்த நாரைச் சிமெண்டுடன் குழைத்துத் தகடாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தான் செய்த பொருளுக்கு ‘எடர்னிட்’ என்று பெயர் வைத்தார். நித்தியம் என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வியாபாரப் பெயர்களில் இவ்வளவு உண்மை பேசிய பெயர் அபூர்வம். எரிவதில்லை, மக்குவதில்லை, கரையான் அரிப்பதில்லை. உள்ளே போனால் உடம்பாலும் அதை முழுக்கக் கரைக்க முடிவதில்லை. தகட்டில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு நார். மீதிப் பெரும்பகுதி சிமெண்ட். சிமெண்டுக்கான சுண்ணாம்புக்கல் அரியலூர்ப் பக்கம் நிலத்தைத் தோண்டினால் கிடைக்கிறது, அதைத் தோண்டித்தான் அந்த ஊர் இன்று இருக்கிறபடி இருக்கிறது. நார் கப்பலில் வருகிறது. புதிய சுரங்கக் குத்தகை தருவதை இந்தியா 1986இல் நிறுத்திவிட்டது. இறக்குமதியை நிறுத்தவில்லை. அண்மை ஆண்டுகளில் வருடத்துக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் வந்து இறங்குகிறது, பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து. கல்லிலிருந்து உரித்தால் ஆபத்து, உரித்ததை வாங்கி வீட்டு வாசலில் வைத்து அறுத்தால் ஆபத்தில்லை என்பது இதன் தர்க்கம். தர்க்கம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அந்தக் காலத்துக் கூரை வீடு எவ்வளவு குளிர்ச்சி, எவ்வளவு அழகு என்று ஆரம்பிக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. கிராமத்துக் கதை எழுதுகிறவர்களுக்குக் கீற்றுக் கூரை மீது தீராத காதல். அதன் கீழே படுத்தவர்களுக்கு இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் கீற்று மாற்ற வேண்டும். மாற்றப் பணமில்லாத வருஷம் ஐப்பசியில் சட்டி பானையெல்லாம் ஒழுகலுக்கு ஏந்தி வைக்க வேண்டும். தேள் விழும். சித்திரையில் அடுப்புப் பொறி பறந்தால் ஒரு தெருவே போகும். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றை இறக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டது. அன்று கீற்றின் இடத்தில் சீட் ஏறிய இடங்களில் எல்லாம் ஏற்றியவர்கள் நல்லதைச் செய்கிறோம் என்றே நினைத்திருப்பார்கள். நினைத்ததில் தப்பும் இல்லை. தீ உடனே கொல்கிறது, எல்லோர் கண் முன்னும் கொல்கிறது, யார் அலட்சியம் என்று மறுநாளே பத்திரிகையில் வருகிறது. எரியாத கூரை என்பது ஏழைக்கு ஆடம்பரம் அல்ல, மானம். சீட் போட்ட வீட்டுக்குப் பெண் கொடுப்பதும் கீற்று வீட்டுக்குப் பெண் கொடுப்பதும் ஒன்றாக இருந்ததில்லை.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு வருகிற மாட்டுக் கொட்டகைக் கடன் மனுக்களோடு கொட்டேஷன் இணைந்திருக்கும். இத்தனை அடி நீளத்தில் இத்தனை சீட், பைப், ஜே-போல்ட், வாஷர், கூலி. எல்லாவற்றுக்கும் பத்தி உண்டு. அப்படி ஒரு மனுவில் கூலிக்கணக்கு எழுதியிருந்த மேஸ்திரி ஒருவர் எனக்குப் பழக்கமானார். இருபது வருஷமாகச் சீட் போடுகிறவர். முன்பு ஆக்ஸா பிளேடால் அறுத்தார், இப்போது மின்சாரக் கட்டிங் மெஷின். அறுக்கும்போது எழுகிற தூளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெள்ளையாக, மாவு மில்லில் பறப்பதுபோல, வெயிலில் கொஞ்சம் மினுங்கும். அதில் விஷம் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

“என்ன சார் ஆகும்?”

“நெஞ்சுக்கூட்டுக்குள்ளே புற்றுநோய் வரலாம்.”

“எப்ப?”

“முப்பது நாற்பது வருஷம் கழிச்சு.”

அவர் சிரித்தார். கேலியாக இல்லை. ஏதோ நல்ல செய்தி கேட்டவர் போலத்தான் சிரித்தார். “அதுவரைக்கும் இருந்துட்டா நல்லதுதானே சார்” என்றார்.

இந்தப் பதிலை நான் வெகு நாள் யோசித்தேன். இதில் அறியாமை கொஞ்சம்கூட இல்லை. காலத்தைக் குறித்த ஒரு மதிப்பீடு இருக்கிறது. நாளைய கூலியும், சாரத்திலிருந்து விழுந்தால் முறிகிற இடுப்பும் அவருக்கு அருகில் இருக்கின்றன. நாற்பது வருஷம் தூரத்தில் இருக்கிறது. நாம் எல்லோரும் மரணத்தை அப்படித்தான் வைத்திருக்கிறோம். ஆனால் இந்தத் தூரத்தை யார் சம்பாதிக்கிறார்கள், யார் செலவழிக்கிறார்கள் என்று கேட்டால் விஷயம் வேறாகிறது.

நோயின் நடைமுறை இது. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் காற்றில் எழும். மூச்சோடு உள்ளே போகும். சில இழைகள் நுரையீரலைத் தாண்டி அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வைச் சென்று சேரும். அங்கே வருஷக்கணக்கில் ரணத்தைக் கிளறிக்கொண்டிருக்கும். ஒரு நாள் மூச்சு வாங்குகிறது, விலாவில் வலிக்கிறது, நீர் கோத்திருக்கிறது என்கிறார்கள். இதற்குள் மூச்சை இழுத்த நாளுக்கும் இந்த நாளுக்கும் இடையே இருபதிலிருந்து ஐம்பது வருஷம் கடந்திருக்கும். கண்டுபிடித்த பின் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது ஒரு வருஷம், சற்று முன்பின். நம் ஊரில் இப்படி ஒருவருக்கு நீர் கோத்தால் முதலில் காசநோய் என்று சந்தேகிப்பார்கள், அந்த மாத்திரையைத்தான் கொடுப்பார்கள். இறந்தவரின் சான்றிதழில் எந்தப் பெயர் ஏறும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இந்தியாவில் இந்த நோய் அதிகம் இல்லை என்று சொல்கிறவர்கள் நோயை எண்ணிவிட்டுச் சொல்லவில்லை, சான்றிதழை எண்ணிவிட்டுச் சொல்கிறார்கள்.

வீட்டின் மேல் சும்மா கிடக்கிற, உடையாத சீட்டிலிருந்து வரும் ஆபத்து சிறியது. அதைப் பெரிதாக்கிப் பயமுறுத்துவது நேர்மையல்ல. வெயிலிலும் மழையிலும் மேல்பூச்சு தேய்ந்து போன பழைய சீட், புயலில் நொறுங்கிய சீட், துண்டுகளாகக் கோழிக்கூண்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் மூடியாகி, கடைசியில் பாதையில் போட்டு மிதிபட்டுத் தூளாகிற சீட் ஆகியவை வேறு. வெள்ளை நார் நீல நாரைப்போல அவ்வளவு கொடியதல்ல என்று தொழிலதிபர்கள் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. நீலம் இன்னும் மோசம். ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் ஒரே பட்டியலில், மனிதருக்குப் புற்றுநோய் தருவது நிச்சயம் என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ‘கட்டுப்பாட்டோடு பயன்படுத்தினால் அபாயமில்லை’ என்பது அடுத்த வாதம். அந்தக் கட்டுப்பாட்டை மேஸ்திரியின் மூக்குக்கும் கட்டிங் மெஷினுக்கும் நடுவில் எங்கே வைப்பார்கள் என்று எனக்குப் புரிந்ததில்லை.

1960இல் வாக்னர் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் தென்னாப்பிரிக்காவின் வடமேற்குக் கேப் பகுதியிலிருந்து 33 மீஸோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அந்த 33 பேரில் சுரங்கத்தில் ஒரு நாளும் வேலை செய்யாதவர்கள் இருந்தார்கள். சுரங்கத்துக்குப் பக்கத்தில் குழந்தையாக விளையாடியவர்கள். ஐந்து வருஷம் கழித்து லண்டனில் செய்த ஆய்வில், கணவன் தொழிற்சாலையிலிருந்து அணிந்து வந்த உடுப்பைத் துவைத்தது தவிர வேறு தொடர்பு இல்லாத மனைவிகள் இருந்தார்கள். துவைப்பதற்கு முன் உடுப்பை உதறுவோம் அல்லவா, அந்த உதறல்தான்.

வாலிகண்டபுரத்தில் இருந்துகொண்டு இதை யோசிக்கும்போது வேறொரு வழக்கு குறுக்கே வருவதைத் தவிர்க்க முடியவில்லை. வாலி சிவனை வழிபட்ட ஊர் என்பது ஐதீகம். வாலீஸ்வரர் கோயில் இருக்கிறது, சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கூரையும் கல்தான், நார் உரிக்காத கல். வாலியை மறைந்து நின்று கொன்றது தர்மமா என்பது தமிழனின் நித்தியமான தார்மிகக் கேள்வி. பட்டிமன்றங்களில் அதைச் சக்கையாகப் பிழிந்து, நடுவர் நகைச்சுவை சொல்லி முடித்து வைக்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். இருந்தாலும் கம்பன் அந்த இடத்தில் வைத்த ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. அம்பு தைத்ததும் வாலி அதைப் பற்றி இழுத்து, அதில் எழுதியிருக்கும் பெயரைப் படிக்கிறான். கொன்றவன் யாரென்று கொல்லப்பட்டவனுக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு இராமன் எதிரே வருகிறான். வாலி கேட்கிறான். பதில் வருகிறது; போதுமான பதிலோ இல்லையோ, வருகிறது. கடைசியில் வாலி மனம் மாறித் தன் மகன் அங்கதனையே அவனிடம் ஒப்படைக்கிறான். மறைந்து நின்ற குற்றம் தீர்ந்ததா என்பதை விட்டுவிடலாம். மறைவு அங்கே ஒரு மரத்தின் அகலம்தான். சில கணங்களில் முடிந்துவிடுகிறது.

நாற்பது வருஷ அகலமுள்ள ஒரு மரத்தை நாம் யோசித்ததில்லை. அம்பு புறப்பட்டபோது எய்தவன் நடுவயதில் இருந்தான். தைக்கும்போது அவன் இல்லை. கம்பெனி கைமாறியிருக்கிறது, பெயர் மாறியிருக்கிறது. அம்பை இழுத்துப் பார்த்தாலும் அதில் பெயர் இல்லை. இறந்தவரின் நுரையீரலில் இருக்கும் இழையை நுண்ணோக்கியில் பார்க்க முடியும், எந்த வகை என்றுகூடச் சொல்ல முடியும். எந்த வீட்டில் அறுத்த எந்தச் சீட் என்று சொல்ல முடியாது. நமது அறவியல் முழுவதும், குறளிலிருந்து பீனல் கோடு வரை, செய்தவனையும் செய்யப்பட்டவனையும் எதிரெதிரே நிறுத்திப் பார்ப்பது. ஊழ் என்று ஒன்றை வைத்திருக்கிறோம், அது நீண்ட காலத்தைக் கணக்கில் எடுப்பதுதான். ஆனால் அதில் பழைய வினையும் இன்றைய துன்பமும் ஒரே ஆளுடையவை. ஒருவன் செய்தது நாற்பது வருஷம் கழித்து இன்னொருவனைச் சென்று சேர்வதற்கு அங்கே இடமில்லை. பாதிக்கப்பட்டவனுக்கு இதில் தண்டிப்பது மட்டும் இயலாமல் போகவில்லை. மன்னிப்பதற்கும் ஒரு ஆள் எதிரே வேண்டும்.

சட்டம் இந்த முடிச்சோடு மல்லுக்கட்டியிருக்கிறது, சில இடங்களில் கௌரவமாகவே. பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை பார்த்தவனுக்கு எந்த முதலாளியின் தூசியால் நோய் வந்தது என்று நிரூபிக்க முடியாத வழக்கில், அந்த இயலாமையின் பலனை முதலாளிகளுக்குக் கொடுக்க முடியாது என்று 2002இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அம்பில் பெயரில்லை என்றால் எய்தவர்கள் எல்லோர் பெயரும் இருக்கிறது என்று கொள்வோம் என்பதே அதன் சாரம். இத்தாலியில் நேர் எதிராக நடந்தது. காஸாலே மொன்ஃபெராட்டோ என்ற சிறு நகரத்தில் எடர்னிட் தொழிற்சாலை 1907இலிருந்து 1986 வரை நடந்தது. இறந்தவர்களில் தொழிலாளிகளோடு ரொட்டிக் கடைக்காரரும் பள்ளி ஆசிரியையும் சேர்த்தி. ஊரின் காற்றே காரணம். 2012இல் டூரின் நீதிமன்றம் கம்பெனியின் முன்னாள் அதிபர்களுக்குச் சிறைத் தண்டனை விதித்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது: காலாவதி ஆகிவிட்டதாம். நோய் வெளிப்படவே முப்பது வருஷம் எடுத்துக்கொள்கிற குற்றத்துக்குக் காலாவதி! வேறு வழக்குகள் பின்னும் தொடர்ந்தன.

நம் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் ஒரு நல்ல தீர்ப்பு சொன்னது. தொழிலாளியின் உடல்நலம் உயிர்வாழும் உரிமையின் பகுதி. கல்நார்த் தொழிலில் சேர்ந்த ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். நோயின் காலக்கணக்கைப் புரிந்துகொண்டு எழுதிய தீர்ப்பு. பதிவேடு என்றால் என்ன என்பது எனக்குத் தொழில்முறையில் தெரியும்: ஒரு மனிதனை அவனுடைய ஞாபகத்தைவிட அதிக காலம் நினைவில் வைத்திருக்கிற காகிதம். ஆனால் பதிவேட்டில் ஏற முதலில் ஒரு ஸ்தாபனத்தில் வேலை இருக்க வேண்டும். மேஸ்திரியும் அவருக்குச் சீட் எடுத்துக் கொடுக்கும் சித்தாளும் எந்த ஸ்தாபனத்திலும் இல்லை. தூளைக் கூட்டிப் பெருக்குகிற வீட்டுக்காரி சம்பளமே வாங்கவில்லை.

காஃப்காவைப் பற்றி இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களிடம் அறிமுகம் தேவையில்லை. அவர் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலையின் பங்குதாரர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1911இல் தங்கையின் கணவரோடு சேர்ந்து, தகப்பனாரின் பணம் போட்டு, பிராகில் ஆரம்பித்தது. 1917இல் மூடினார்கள். அதே நேரத்தில் அவர் உத்தியோகம் பார்த்ததோ தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில். மரம் இழைக்கும் இயந்திரத்தில் விரல் போகாமல் தடுக்க எந்த வடிவில் தண்டு அமைய வேண்டும் என்று படம் போட்டு விளக்கி ஆண்டறிக்கையில் கட்டுரை எழுதியவர். ஆபீஸில் விபத்தைத் தடுக்கிற குமாஸ்தா, சாயங்காலம் தூசி உற்பத்தி செய்கிற முதலாளி. விரல் வெட்டுப்படுவது தெரிகிறது. தூசி தெரிவதில்லை.

ஆனால் அவருக்குத் தெரிந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1912 பிப்ரவரி நாட்குறிப்பில் அந்தத் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அழுக்குடுப்பில், கலைந்த தலையோடு, ஓயாத இயந்திர இரைச்சலில் யாரும் வணக்கம் சொல்லவோ மன்னிப்புக் கேட்கவோ வேண்டாத பிறவிகளாக நிற்கிறார்கள். மாலை ஆறு மணி அடித்ததும் தலைத்துணியை அவிழ்த்து, கையிலிருந்து கைக்கு மாறுகிற ஒரு பிரஷ்ஷால் மேலிருக்கும் தூசியைத் துடைத்து, மறுபடியும் பெண்களாகிறார்கள். மருத்துவ ஞானம் எதுவும் இல்லாமல், வெறும் பார்வையின் கூர்மையால் எழுதப்பட்டது. அந்த பிரஷ்ஷில் ஒரு நோயின் முழு வரலாறும் இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில், தொழிற்சாலையைப் போய்க் கவனிக்கச் சொல்லி வீட்டில் வற்புறுத்தியபோது, ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாமா என்று யோசித்ததாக நண்பர் மாக்ஸ் பிராடுக்கு எழுதுகிறார். எழுதும் நேரம் போகிறதே என்ற எரிச்சல் என்றுதான் விமர்சகர்கள் இதை விளக்குகிறார்கள். இருக்கலாம். பார்த்ததிலிருந்து தப்பிக்க முடியாததும் ஒரு காரணமாக இருக்கக்கூடாதா? ஆனால் அவரும் செய்தது பார்த்ததுதான். பெண்கள் மறுநாளும் வந்தார்கள். கூர்மையான பிரக்ஞைக்குத் தன்னளவில் எந்தத் தார்மிகப் பலனும் இல்லை என்பதற்குக் காஃப்காவைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இலக்கியக்காரர்களாகிய நமக்கு இது உவப்பான முடிவு அல்ல.

காஃப்கா இறந்தது 1924இல். அதே ஆண்டு இங்கிலாந்தின் ராச்டேலில் நெல்லி கெர்ஷா என்ற பெண் தன் 33ஆவது வயதில் இறந்தார். டர்னர் பிரதர்ஸ் ஆலையில் கல்நார் நூற்றவர். நுரையீரலை அறுத்துப் பார்த்த மருத்துவர் அதில் இழைகளைக் கண்டு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். ஈமச்சடங்குச் செலவுக்கு உதவ கம்பெனி மறுத்தது. கொடுத்தால் முன்னுதாரணமாகிவிடும் என்பது காரணம். அந்தக் கம்பெனியை உள்ளடக்கிய டர்னர் அண்ட் நியூவால்தான் பின்னர் நம் கோயம்புத்தூர்ப் போத்தனூர் வரைக்கும் சீட் தொழிற்சாலையோடு வந்தது. 1898இலேயே பிரிட்டனின் பெண் தொழிற்சாலை ஆய்வாளர்கள் இந்தத் தூசியின் தீமையைப் பதிவு செய்திருந்தார்கள். 1930இல் பிரிட்டிஷ் அரசுக்கே விரிவான அறிக்கை வந்துவிட்டது. 1935இல் அமெரிக்காவின் பெரிய கல்நார்க் கம்பெனித் தலைவர்கள், இது பற்றி வெளியே பேச்சு வராமல் இருப்பது நல்லது என்று ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கடிதங்கள் 1970களில்தான் வெளிச்சத்துக்கு வந்தன. ஆக, அந்தப் பக்கத்தில் யாரையும் தட்டி எழுப்ப வேண்டியிருக்கவில்லை. அவர்கள் தூங்கவேயில்லை.

நாடுகளின் விஷயத்திலும் இப்படித்தான். கனடா தன் கட்டடங்களிலிருந்து கல்நாரைச் செலவு செய்து அகற்றிக்கொண்டே 2011 வரை நமக்கு ஏற்றுமதி செய்தது. பின்பு 2018இல் தடை செய்தது. ‘ஆஸ்பெஸ்டாஸ்’ என்றே பெயர் கொண்டிருந்த அதன் சுரங்க நகரம் 2020இல் வாக்கெடுத்து வேறு பெயர் சூட்டிக்கொண்டது. பெயரை மாற்றுவது எளிது, அதுவும் பிரெஞ்சு மொழியில் ஊற்றுகளின் பள்ளத்தாக்கு என்று அழகாக.

இலங்கைக் கதை இன்னும் நெருக்கமானது. படிப்படியாகக் கல்நாரை நிறுத்த அந்த நாடு முடிவு செய்து, 2018 ஜனவரியில் கட்டுப்பாடுகள் தொடங்கவிருந்தன. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை வாங்குவதை நிறுத்தியது. இலங்கை கல்நார்த் தடையைத் தள்ளிவைத்தது. சில நாட்களில் ரஷ்யாவின் தடையும் விலகியது. வண்டு என்ன ஆயிற்று என்று தெரியாது. மலையகத்தில் தேயிலை கொய்கிறவர்கள் யார் என்பது தமிழ் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் கை பறித்த கொழுந்தை நாட்டின் கழுத்தில் வைத்து அழுத்த முடிந்தது. அந்த அழுத்தத்தில் ஒரு அரசாங்கத்துக்கே தான் அறிந்ததை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அரசாங்கம் எல்லா விழிப்போடும்தான் விட்டுக்கொடுத்தது.

இவ்வளவுக்குப் பிறகு, மேஸ்திரியிடம் நான் சொன்னது எதற்கு என்ற கேள்வி மிஞ்சுகிறது. மாற்றே இல்லாதவனிடம் ஆபத்தைச் சொல்வது ஒரு வகையில் பொறுப்பை அவன் தோளுக்கு மாற்றுவது. சொல்லியாயிற்று, இனி அவன் பாடு. சிகரெட் பெட்டியின் மேல் படம் போடுவது இதே தந்திரம்தான். ஆனால் சிகரெட்டைப் பிடிக்காமல் இருக்கலாம், கூரை இல்லாமல் இருக்க முடியாது. தகரம் போடலாம், கோடையில் உள்ளே வேகும். ஓடு போடலாம், மரச் சட்டத்துக்குச் செலவு. நார் சேர்க்காத, செல்லுலோஸ் இழையில் செய்த சிமெண்ட் தகடும் உண்டு. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்த பிறகும் அங்கே யாரும் மழையில் நனையவில்லை. ஆனால் கொட்டேஷன் எழுதுகிற கடையில் அடுக்கி வைத்திருப்பது எதுவோ அதுதான் இங்கே கூரை. தேர்வு அங்கே, அதற்கும் மேலே, துறைமுகத்தில், தில்லியில் நடந்து முடிந்துவிடுகிறது. கல்நாரை அபாயப் பொருள் பட்டியலில் சேர்க்க வேண்டுமா என்ற சர்வதேசப் பேச்சில் 2011இல் சம்மதித்து எல்லோர் கைதட்டலையும் பெற்ற இந்தியா, 2013இல் மறுபடி எதிர்ப்பவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டது.

சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சொல்ல வரவில்லை. சொல்லாமல் இருப்பது அந்த 1935 கடிதக்காரர்களின் பக்கம் போய் நிற்பது. சொல்வதற்கும் சொல்லிவிட்டோம் என்ற திருப்திக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் ‘விழிப்புணர்வு’ என்ற சொல் மறைக்கிறது. கொலைக்கருவியின் பெயரைக் கொல்லப்படப்போகிறவனுக்கு மட்டும் கற்றுக்கொடுக்கிற கல்வியாக அது இருந்துவிடக்கூடாது.

ஆகவே மறுபடியும் போனேன். காரியமாகப் பேசினேன்: அறுப்பதற்கு முன் சீட்டை நனைத்துக்கொள்ளுங்கள், மெஷினைவிடக் கை ரம்பம் தேவலை, தூளை உலர்ந்தபடி பெருக்கச் சொல்லாதீர்கள், ஈரத்துணியால் வழித்து எடுங்கள், போட்ட சட்டையோடு வீட்டுக்குள் போகாதீர்கள், பேரப்பிள்ளையைத் தூக்குவதற்கு முன் குளித்துவிடுங்கள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மெஷினை விட முடியாது, கை ரம்பம் என்றால் ஒரு நாள் வேலை இரண்டு நாளாகும் என்றார். நனைப்பது முடியும். சட்டை விஷயம் அவர் மனதில் தைத்தது தெரிந்தது. பிறகு கேட்டார்.

“ஒருவேளை கவர்மெண்டே இதைத் தடை பண்ணிடிச்சின்னு வச்சிக்கங்க. ஊர்ல இருக்கிற சீட்டெல்லாம் இறக்கணுமில்ல?”

“ஆமாம்.”

“இறக்குறதுலயும் இந்தத் தூள் வருமா?”

“போடுவதைவிட அதிகமாக வரும். பழைய சீட் நொறுங்கும்.”

“யாரு சார் இறக்குவா?”

நான் பதில் சொல்லவில்லை. அவரே சொன்னார், “எங்களைத்தான் கூப்பிடுவாங்க.” தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கை மூடிப் பின்னால் முடிந்து காட்டி, “இப்படிக் கட்டிக்கிட்டா போதுமா?” என்றார்.

போதாது என்றேன்.